முட்டை யார் தட்டிலிருந்து வந்தது

சரவணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே உன் அப்பா டி.வி.யை அலறவிட்டிருந்தார், அங்கே உன் பக்கம் கடல் காற்று இரைந்தது, பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதியே எனக்குப் போதும். கடல் உள்ளே புகுந்து வீடு போன மீனவர்களுக்காக நீ வேலை செய்கிற நிவாரண அமைப்பு தார்ஷீட் கொட்டகை போட்டிருக்கிறது. அவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் ஏற்றிப் போன லாரியை, வழியில் இருக்கிற விவசாயக் கூலிக்காரர்களின் ஊர் மறித்துவிட்டது. வேலிக்காத்தான் முள்ளை வெட்டி ரோட்டில் போட்டு, லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போலீஸ் துணையோடு மறுபடி போகலாம் என்கிறார் உன் மேலதிகாரி. என்ன செய்யட்டும் என்று கேட்டாய். போலீஸோடு போகாதே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைப் பொறுமையாகப் படி. நான் ஊராட்சித் தலைவியாக இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு வண்டி நம் ஊரிலும் மறிக்கப்பட்டது. நீ அப்போது வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாய், பிறகு கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாய். லீவுக்கு வந்தபோதெல்லாம் உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவதிலேயே நாள் போனது. இதை உட்கார்ந்து சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

நம் ஏரிக்கரைக்குக் கீழே பழைய நெல் கிடங்கில் இலங்கைக் குடும்பங்கள் வந்து இறங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. வந்த புதிதில் ஊரே ஓடி ஓடிச் செய்தது. ஒவ்வொரு வீட்டிலும் சோறு வடித்து எடுத்துப் போனோம், பழைய புடவை, பாய், போர்வை என்று கொடுத்தோம். அடுத்த வருஷம் நம் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரில், பிரதமராக இருந்தவரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. போலீஸ் வீடு வீடாக வந்து விசாரித்தது. கேம்ப்புக்குச் சோறு கொண்டு போனதைச் சொல்லவே ஊரில் பயந்தார்கள். அந்தப் பக்கம் விளையாடப் போகாதே என்று நானே உன்னைத் தடுத்தேன், நீ ஏன் என்று கேட்டாய், நான் அதட்டினேன். அவர்கள் அதே கிடங்கில், சாக்குப் படுதாவால் தடுத்த அறைகளில், வருஷக்கணக்காக இருந்தார்கள். ஆண்கள் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போனார்கள். சாயங்காலம் கேம்ப்புக்குத் திரும்பி வந்து ஆஜர் சொல்ல வேண்டும். ஒரே பாஷை பேசுகிறவர்கள், ஒரே ரேஷன் கடையில் நிற்கிறவர்கள், ஆனாலும் கியூவில் அவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி எப்போதும் இருக்கும்.

பிறகு கம்பெனிகள் வந்தன. நிலத்தை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். உன் பெரியப்பா அந்தப் பணத்தில் வரிசையாக அறைகள் கட்டி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகையை வாங்கிக்கொண்டே அவர்களையும் வெளியூர்க்காரனுங்க என்று திட்டுவார். நிலம் போனது அவருக்குள் ஆறாத புண்ணாக இருந்தது, யார் மேலாவது அதைக் கொட்டியாக வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தார்கள். விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். கைக்குழந்தைக்காரிகள் என்ன செய்வார்கள்? அங்கன்வாடி திறப்பதற்குள் ஷிப்ட் ஆரம்பித்துவிடும், அது மூடிய பிறகும் ஷிப்ட் முடியாது. பள்ளிக்கூடம் போகிற மூத்த பெண்ணை நிறுத்தி, சின்னதைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். தலைவியாக நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதெல்லாம் ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியிலிருந்து ஒரு உதவி அமைப்பு கேம்ப்புக்குள் குழந்தைகள் காப்பகம் ஒன்று கட்டியது. ஓட்டுக் கூரை, சிமென்ட் தரை, தூளிகள், காலையில் பால், மத்தியானம் சோறும் முட்டையும். கேம்ப்புப் பெண்களையே ஆயாவாகப் போட்டார்கள். விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை திறந்திருக்கும். பால் வண்டி நம் ஊர்த் தெருவழியாகத்தான் கேம்ப்புக்குப் போக வேண்டும். தினம் காலையில் வீட்டு வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்களின் முன்னால் அந்த வண்டி மணியடித்துக்கொண்டு போகும். சரவணா, இதைக் கொஞ்சம் நினைத்துப் பார். கேம்ப்புக்காரர்கள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. வண்டி போகிற வழி ஒன்று போதும், வெறுப்பு தானாக வளர.

ஒரு நாள் உன் பெரியப்பாவும் நாலைந்து இளவட்டங்களும் கட்டை வண்டியைக் குறுக்கே விட்டு பால் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நான் போனபோது கூட்டம் கூடியிருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, தலைவி நீ. நம்ம நெலத்த குடுத்தோம், நம்ம ஊரு ரோட்டக் குடுத்தோம். எங்கேருந்தோ வந்தவன் புள்ள முட்டை துன்னுது, நம்ம புள்ள மண்ணுல குந்திக்கினு கீது. இத கேக்க உனக்கு வாயில்லியா?" என்றார். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மறுநாள் வண்டி போலீஸ் துணையோடு வந்தது. யாரும் மறிக்கவில்லை, எல்லாரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். அன்று சாயங்காலம் காப்பகத்துக் கூரை மேல் கல் விழுந்து ஓடுகள் உடைந்து உள்ளே சரிந்தன. பிள்ளைகள் அந்த நேரம் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். யார் எறிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றேன். போலீஸ் வண்டியை ரோட்டில் காப்பாற்றும். கூரையை யார் காப்பாற்றுவது?

அந்த அமைப்பின் பொறுப்பாளராக ஒரு மேடம் சென்னையிலிருந்து ஜீப்பில் வருவார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. நான் அவரிடம், நம் ஊர்ப் பிள்ளைகளையும் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இது நிற்காது என்றேன். இது அகதிகளுக்கென்று வந்த உதவி, அதை உள்ளூருக்குத் திருப்பினால் எங்களைக் கேள்வி கேட்பார்கள் என்றார் அவர். நான் அதற்கடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். அவருடைய ஆபீஸ் வாசலில் இருந்த பெஞ்சில் எனக்கென்று ஒரு இடமே ஆகிவிட்டது. கடைசியில் அலுத்துப்போய் அவர் ஒரு வார்த்தை சொன்னார். கேம்ப்புப் பெண்களே எங்கள் பங்கிலிருந்து கொடுக்கிறோம் என்று சொன்னால் நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் பேசினேன், போலீஸில் பேசினேன், ஆபீஸில் பேசினேன். யாருடைய பிள்ளையின் பாலில் பங்கு கேட்கிறேனோ அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் தவமணி. திருகோணமலைப் பக்கம். ஊரில் பாலர் பள்ளி டீச்சராக இருந்தவராம். நான் தனியாக நடந்து போனேன். உடைந்த ஓட்டுக்குப் பதிலாகக் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு பிள்ளையின் விரல்கள் முழுவதும் முடிந்த பிறகுதான் பேசினார்.

"நாங்கள் இஞ்ச வந்து எத்தினையோ வருசம். எங்கட பிள்ளையளுக்கு எண்டு முதன்முதலா ஒரு நல்லது நடந்திருக்கு. கல்லெறிஞ்ச சனத்துக்கு அதில பங்கு குடுக்கச் சொல்லுறியள்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? கேம்ப்புப் பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். பாலில் தண்ணீர்தான் கூடும் என்றாள் ஒருத்தி. இன்றைக்குப் பங்கு, நாளைக்கு முழுவதும் உங்களுடையது என்பீர்கள் என்றாள் இன்னொருத்தி. அவர்கள் பயந்ததில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நம் ஊரில் அப்போதே அந்தக் கட்டடத்தை ஊராட்சிக்கு எழுதி வாங்கு என்று என்னிடம் சொன்னவர்கள் இருந்தார்கள். தவமணி எல்லாரையும் பேசவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைவரை நடந்தார். "உங்கட பிள்ளையளும் வரட்டும். பிள்ளையளில என்ன பிழை இருக்கு? ஆனா ஒண்டு. இது நாங்கள் தந்தது எண்டு உங்கட சனத்துக்கு நீங்கள் சொல்ல வேணும். நீங்கள் வாங்கித் தந்ததெண்டு சொல்லக் கூடாது." நான் ஒப்புக்கொண்டேன். அந்த நேரத்தில் அது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

மேடமும் மேலே பேசி அனுமதி வாங்கிவிட்டார். முதல் வாரம் நம் ஊரிலிருந்து இரண்டே பிள்ளைகள். அதில் ஒன்று உன் பெரியப்பாவின் பேத்தி பிரியா. அவள் அம்மா கற்பகம் அண்ணி வயர் கம்பெனியில் லைனில் நிற்கிறாள், உனக்குத் தெரியும். அகதி வீட்டுச் சோற்றில் நம் பிள்ளை வளர வேண்டாம் என்று பெரியப்பா கத்தியிருக்கிறார். அவள் சத்தமே போடாமல், "அப்ப நீங்க வூட்ல இருந்து பாத்துக்கிறீங்களா மாமா? பாத்துக்கினா நான் அனுப்பல" என்று கேட்டிருக்கிறாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த மாதத்தில் தூளிக்கு இடம் போதாமல் பாயில் படுக்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்த பெண் பிள்ளைகளைப் பற்றி வாத்தியார் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. தலைவியாக இருந்து நான் போட்ட தெருவிளக்கு, சாக்கடை எதற்கும் எனக்கு அப்படி ஆனதில்லை.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேம்ப்புத் தமிழ் பேச ஆரம்பித்தன. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு ஓம் என்று தலையாட்டும். பிரியா ஒரு நாள் பெரியப்பாவின் மடியில் ஏறி, என்னோடு பேசுங்கள் என்பதற்கு "தாத்தா, என்னோட கதையுங்கோ" என்றிருக்கிறாள். இன்னாடி பேசற நீ என்று அவர் இறக்கிவிட்டாராம். கம்பெனி பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று கற்பகம் சொல்வாள். பிள்ளையைக் கூப்பிடப் போகிற இடத்தில் கேம்ப்புப் பெண்களோடு நின்று நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறதா, மத்தியானம் சாப்பிட்டதா, யாரோடு சண்டை போட்டது. தினமும் நாலு வார்த்தை. மனசு மாறியது என்றால் அங்கேதான் மாறியது, வேறெங்கும் இல்லை. பிள்ளை இல்லாத வீடுகளிலும் டீக்கடையிலும் பேச்சு முன்பு எப்படியோ அப்படியேதான் இருந்தது. இன்னும் சொல்லப்போனால் டீக்கடையில் எனக்குத்தான் புகழ். நம்ம தலைவி கேம்ப்புக்காரன்கிட்டேருந்து புடுங்கிக் குடுத்துது என்று பேசிக்கொண்டார்கள். கேட்க எனக்கு இனிமையாகத்தான் இருந்தது. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

இடையில் ஒரு விஷயம் எனக்குத் தெரியவந்தது. மேலிடத்திலிருந்து சாமான் கூடுதலாக வரவில்லை. அதே பால், அதே முட்டை, பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்கு. தினம் ஒரு முட்டை என்று இருந்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. தவமணியின் சின்ன மகன் தட்டைத் தள்ளிவிட்டு அழுததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாரே தவிர என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது ஏற்றம், அவர்கள் பிள்ளைகளுக்கு இறக்கம். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. ஏரிக்கரையில் கொடுத்த வாக்கை நான் இன்னும் காப்பாற்றவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லாம வுட்டா யாருக்கு இன்னா நஷ்டம்? எலெக்‌ஷன் முடிஞ்சப்பறம் சொல்லிக்க" என்றார். அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஜெயித்தால் இன்னும் ஐந்து வருஷம் நல்லது செய்யலாமே என்பது அவர் கணக்கு. ஆனால் எலெக்‌ஷன் முடிந்த பிறகு சொல்கிற உண்மை எதற்கு ஆகும்? ஊரே அதற்குள் வேறு ஒன்றை நம்பிப் பழகியிருக்கும்.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் நான் எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "காப்பகம் நான் வாங்கிக் குடுத்தது இல்ல. கேம்ப்புக்கு வந்தது அது. அவுங்க புள்ளைங்களுக்கு தெனம் ஒரு முட்டை இருந்தது. நம்ம புள்ளைங்க போனப்பறம் ஒரு நாள் வுட்டு ஒரு நாள் ஆயிடுச்சு. நம்ம புள்ள தட்டுல கீற முட்டை அவுங்க புள்ள தட்டுலேருந்து வந்தது. இத அவுங்க யாரும் நம்மகிட்ட சொல்லிக்காட்டல. அதனால நான் சொல்றேன்."

 பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அகதிங்ககிட்ட பிச்சை எடுத்துத் துன்னோம்னு சொல்றியா?" என்றார். பிச்சை இல்லை, பங்கு என்றேன். அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. ஆண்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சில வீடுகளில் மறுநாள் பிள்ளைகளை அனுப்பவில்லை. ரோஷம் வந்துவிட்டது. உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தவமணிக்குச் செய்தி போயிருந்தது. பார்த்தபோது, "சொல்லிப்போட்டியள்" என்றார், அவ்வளவுதான், நன்றி கின்றி ஒன்றும் இல்லை. நான் கொடுத்த வாக்கைத்தானே காப்பாற்றினேன், எதற்கு நன்றி?

ஆனால் கம்பெனி பஸ்ஸில் மறுநாள் சிரிப்பு இல்லை என்று கற்பகம் சொன்னாள்.  சுங்குவார்சத்திரத்துப் பெண் ஒருத்தி, அவளுக்கு இதில் சம்பந்தமே இல்லை, என்னடி ஆச்சு எல்லாருக்கும் என்று கேட்டிருக்கிறாள். இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்க ஊர்ல கோழியே கிடையாதா என்று அவள் கேட்டாளாம். அந்த வாரமே கோழி வளர்க்கிற வீடுகளிலிருந்து முட்டை போக ஆரம்பித்தது. இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு ஒருத்தி என்று முறை வைத்துக்கொண்டார்கள். ரோஷத்தில் நிறுத்திய பிள்ளைகளும் திரும்பி வந்தன. எல்லாத் தட்டிலும் மறுபடி தினமும் முட்டை விழுந்தது. வாங்கிக்கொண்டே இருந்தவரை நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தின் மேல் உரிமை மட்டும்தான் இருந்தது. கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பொறுப்பு வந்தது.

தேர்தலில் தோற்றேன். அது உனக்குத் தெரியும், ஏன் தோற்றேன் என்பதுதான் தெரியாது. உங்கம்மா நம்ம ஊரைக் கேவலப்படுத்திச்சு என்று உன்னோடு படித்தவர்களே ஓட்டுப் போடாமல் விட்டார்கள். முட்டை கொண்டுபோன பெண்களிலும் சிலர் வீட்டு ஆண்கள் சொன்ன சின்னத்தில்தான் குத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மறுநாள் காலையில் எழுந்து காப்பகத்துக்குத்தான் போனேன்.

அதற்குப் பிறகு இலங்கையில் சண்டை ஓய்ந்தது, இனி இவர்கள் போய்விடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொஞ்சம் குடும்பங்கள் போகவும் செய்தன. அந்தச் சமயம் கிடங்கு இடம் தொழிற்பேட்டைக்கு வேண்டும், கேம்ப்பைத் தொலைவில் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். ஊராட்சி ஆபீஸில் கூட்டம். புதுத் தலைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், அவர் கணவர்தான் பேசினார். ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேம்ப் வேண்டாம் என்று சொல்லிவருகிறீர்கள், இப்போது சந்தோஷம்தானே என்கிற மாதிரி அந்த அதிகாரி கேட்டார். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் கம்பெனி யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பேச எழுந்தேன். எனக்கு முன்னால் பெரியப்பா எழுந்துவிட்டார். 

"எனக்கு அவுங்கள புடிக்காது சார். அன்னிக்கும் புடிக்காது, இன்னிக்கும் புடிக்காது. ஆனா எம் பேத்தி அங்கதான் வளந்துது. ஊர்ப் பொம்பளைங்க வேலைக்குப் போறது அத நம்பித்தான். கேம்ப்ப எடுத்துக்கினு போனா ஆயாவும் போயிடும், எல்லாம் போயிடும். நீங்க வேற எடம் பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். கற்பகம் அழுத்தமாகப் பேசினாள். அதிகாரி போய் என்ன எழுதினாரோ தெரியாது. ரோட்டோரத்தில் கொஞ்சம் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கேம்ப் இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இதை நல்ல முடிவு என்று உனக்கு அலங்கரித்துச் சொல்ல மாட்டேன். போன கோடையில்கூடக் குழாயடியில் குடத்தை வைத்து அடிதடி நடந்தது. கேம்ப்புப் பையன் ஒருவன் நம் ஊர்ப் பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்டான் என்று ஒரு வீட்டில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா தவமணியோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உதவி அமைப்பு போன வருஷம் கிளம்பிவிட்டது. இப்போது காப்பகத்தை நம் பெண்களும் கேம்ப்புப் பெண்களும் சேர்ந்து நடத்துகிறார்கள், மாதாமாதம் இழுபறிதான். ஆனால் அந்தக் கூரை மேல் அதற்குப் பிறகு ஒரு கல் விழவில்லை. எனக்கு அது போதும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். முள் வெட்டிப் போட்ட அந்த ஊருக்கு நீ தனியாகப் போ. ஜீப் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஏறி வயல் போனால் மீனவனுக்குப் படகு போனது மாதிரிதான் கூலிக்காரனுக்கும். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அவர்களுக்கு என்ன இல்லை என்று கேள். கேட்டதும் உடனே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. திரும்பி வந்து கொட்டகைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசு. அவர்களுடையதைப் பங்கு போட அவர்களைக் கேட்காமல் உனக்கு உரிமை இல்லை, உன் மேலதிகாரிக்கும் இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்டால், யார் கொடுத்தது என்பதை அந்த ஊரின் நடுவில் நின்று, அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். உங்கள் அமைப்பின் பெயரை எழுதிய போர்டை அன்றைக்கு மட்டுமாவது எடுத்துப் போகாதே. சிலருக்குக் கோபம் வரும், உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். நாலு நாள் கழித்து அந்த ஊர் என்ன கொடுக்க முடியும் என்று கேள். வயல் வேலை தெரிந்தவர்கள் அவர்கள், கொட்டகைக்கு ஓலை முடையக்கூடத் தெரியும். அவர்கள் கையிலிருந்தும் ஏதாவது வரட்டும். இதையெல்லாம் உன் மேலதிகாரி நேர விரயம் என்பார். அவர் ஆபீஸ் வாசலிலும் ஒரு பெஞ்ச் இருக்கும்.

இன்னொன்று. உன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அடுத்த வருஷம் ஊராட்சித் தேர்தல் வருகிறது. இந்த முறை நம் ஊர் பெண்களுக்கு ஒதுக்கீடாக இருக்காது, ஆண்களும் நிற்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் நிற்கப் போகிறேன். போன வாரம் கற்பகத்திடம் சொன்னேன். ஷிப்டில் இருந்து லீவு போட்டு என்னோடு தெருத் தெருவாக வருகிறேன் என்றாள். பெரியப்பாவிடம் ஓட்டுக் கேட்க நானே போவேன். தவமணிக்கும் கேம்ப்பில் இருக்கிற எவருக்கும் ஓட்டு இல்லை, அவர்களால் எனக்கு ஒரு ஓட்டுகூட வராது. இருந்தாலும் ஓட்டுக் கேட்கப் போகிற ஒவ்வொரு வாசலிலும் கிராம சபையில் சொன்னதைத்தான் மறுபடி சொல்வேன். தோற்றால் இரண்டாம் தடவை தோற்றவள் ஆவேன். ஜெயித்தால், அதைச் சொல்லி ஜெயித்தவள் ஆவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா